தொண்ணூற்றெட்டா, நூற்றிரண்டா?

ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளைகள் நம் மத்தியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் பிள்ளையை முன்னே நிறுத்தி, "மாமாவுக்கு எண்ணிக் காட்டு" என்று சொல்லி, முடிந்ததும் தலையைத் தடவிக் கொடுப்பது நமது வழக்கம். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் அப்படி எண்ணிக் காட்டிய மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியிடம், கரும்பலகையில் 98 என்றும் 102 என்றும் எழுதி, "இதுல எது கூட, பாப்பா?" என்று கேட்டோம். அவள் தயங்கவேயில்லை. "98 தான் டீச்சர்" என்றாள். ஏன் என்று கேட்டோம். "ஒம்பதும் எட்டும் பெரிய நம்பர். மத்ததுல எல்லாம் சின்ன நம்பர்தானே இருக்கு."

அந்தப் பிள்ளை மந்தமானவள் அல்ல. அவள் சொன்ன பதிலுக்குள் ஒரு நியாயம் இருந்தது. ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்பதும் எட்டும் பெரியவை. ஒன்றும் பூச்சியமும் இரண்டும் சிறியவை. அந்த ஒன்று நூறினிடத்தில் நிற்கிறது, ஆகவே அது ஒன்றல்ல, நூறு என்பதை மட்டும் யாரும் அவள் கையில் கொடுத்துக் காட்டவில்லை. மலை சரிந்து வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பம் அவளுடையது. ஒரு தவணை முழுதும் அவளுக்குப் பாடசாலை இல்லை. உறவினர் வீட்டிலிருந்து புதிய பாடசாலைக்குப் போனபோது அங்கே கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு நடந்துகொண்டிருந்தது. அவளும் கடன் வாங்கப் பழகிவிட்டாள்; எது பெரிது, எதிலிருந்து எதைக் கழிக்கலாம் என்று தெரியாமலேயே.

இந்த இதழை வாசிக்கும் உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கொப்பி, பை, சப்பாத்து என்று பட்டியல் போடுகிறோம். அவை வேண்டும்தான். ஆனால் விட்டுப்போன படிப்பில் எந்த நூலை முதலில் பிடித்து இழுப்பது என்பதைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. எமது கருத்து இதுதான்: சின்னப் பிள்ளைகளின் கணக்கில் முதலில் பிடிக்க வேண்டியது, எது கூட எது குறைய என்று ஒப்பிடுவதும், குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக வைப்பதும். கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு எல்லாம் இரண்டு மாதம் பொறுக்கும். இது பொறுக்காது.

ஏன் பொறுக்காது என்று கேட்பவர்களுக்கு மழையிலிருந்தே விடை சொல்லலாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் திட்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் பதுளை மாவட்டம் உட்பட மலையகமெங்கும் மண் சரிந்தது. மண்சரிவு அபாயத்தைக் கணித்துச் சொல்லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று எண்களை வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் பெய்த மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் இடத்தை விட்டு வெளியேற வேண்டும். வானொலியில் "இதுவரை 102 மில்லிமீற்றர் மழை" என்ற சொல் காதில் விழும்போது, அது 98 ஐ விடச் சிறியது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை நாளைக்குப் பெரியவளாகி ஒரு வீட்டைப் பொறுப்பேற்கப் போகிறாள். இந்த மூன்று எண்களையும் வரிசையாக நிறுத்தி, இன்றைய மழை எந்த இரண்டுக்கு நடுவே விழுகிறது என்று பார்ப்பது முழுக்க முழுக்க ஒப்பிடும் கணக்குத்தான். அதில் கூட்டலும் இல்லை, பெருக்கலும் இல்லை.

மழை எப்போதாவது வருவது. கொழுந்துத் தராசு தினமும் வருவது. இடம்பெயர்ந்து தோட்டத்து உறவினரோடு ஒண்டியிருக்கும் குடும்பங்களில் பல பெண்கள் இப்போது கொழுந்துக்குப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். காய்கறித் தோட்டத்தில் தாமே எசமானாக இருந்தவர்கள் இன்று கொழுந்து மடுவத்தில் வரிசையில் நிற்கிறார்கள். பல தோட்டங்களில் ஒரு பேருக்கு 18 கிலோ என்று வைத்திருக்கிறார்கள். 17 கிலோவுக்கு அரைப்பேர் விழுந்துவிடுகிற இடங்களும் உண்டு. 17க்கும் 18க்கும் இடையில் இருப்பது எண் வரிசையில் ஒரே ஓர் அடி. சம்பளத்தில் அது அரை நாள். தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிக்கும்போது எதிலிருந்து எது போனது, மிச்சம் 18க்கு மேலா கீழா என்று அங்கேயே நின்று மனதுக்குள் ஒப்பிட முடிந்தவள் ஒரு கேள்வியாவது கேட்பாள். முடியாதவள் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பாள்.

எண்களை ஒப்பிடுவதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிடுவது என்பதுதான் அது. இதற்கு நமது சம்பளக் கதையை விட நல்ல உதாரணம் கிடையாது. 2016ஆம் ஆண்டு கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. அதோடு வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்குக்கு 30 என்று சேர்ந்து மொத்தம் 730 ரூபா. 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக உயர்ந்தது. 500ஐயும் 700ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் 200 ரூபா கூடிவிட்டது என்றார்கள். ஆனால் வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் எடுக்கப்பட்டு, விலைப் பங்கு 50 ரூபா மட்டும் சேர்ந்து மொத்தம் 750 ஆனது. 730ஐயும் 750ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூடியது 20 ரூபா. இரண்டு ஒப்பீடும் கணக்கில் பிழையில்லாதவை. ஆனால் மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்த காசு இரண்டாவது கணக்குப்படிதான் வந்தது. அதன் பின் 2021இல் 1,000 ரூபாவும் 2024இல் 1,350 ரூபாவும் என்று வந்தபோது, "இதுல அடிப்படை எவ்வளவு, சேர்த்தது எவ்வளவு?" என்று பெண்களே கேட்கத் தொடங்கியதை நாங்கள் பார்த்தோம். அடிபட்டுக் கற்றது. பிள்ளைகள் அடிபடாமல் கற்கட்டும்.

"எங்களுக்கே கணக்குத் தெரியாது, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று பல தாய்மார் எங்களிடம் சொல்கிறார்கள். இதை நாம் ஏற்றுக்கொள்வதில்லை. தோட்டத்துப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களில் பொறுப்பேற்கும் வரையில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், மூன்றாம் வகுப்போடு முடிவு என்ற நிலையே பெரும்பாலும் இருந்தது. நமது அப்பாயிமார் அங்கே படித்தது குறைவுதான். ஆனாலும் கொத்துக்கும் சுண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு நாளும் அரிசி வாங்கியவர்கள் அல்லர். றாத்தல் கணக்குப் போய்க் கிலோ வந்தபோது, நேற்று 40 றாத்தல் பறித்த அதே கை இன்று 18 கிலோதான் பறித்தது என்று எழுதப்பட்டது. கொழுந்து குறையவில்லை, அளக்கும் கல்தான் பெரிதாயிற்று என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். போஞ்சிக்கு ஒரு முகவர் சொல்லும் விலையையும் இன்னொருவர் சொல்லும் விலையையும் லொறிச் செலவோடு சேர்த்து எடைபோட்டுப் பார்த்தவர்கள் நீங்கள். ஒப்பிடுவது உங்களுக்குப் புதிதல்ல. அதைப் பிள்ளைக்கு முன்னால் வாய்விட்டுச் செய்தால் போதும்.

எங்கே தொடங்குவது? எண்ணே இல்லாமல் தொடங்க வேண்டும் என்பது எமது அனுபவம். சோற்றுக்கு உட்காரும்போது தட்டுகள் ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம். ஆளுக்கொரு தட்டாக வைக்கச் சொல்லுங்கள். தட்டு மிஞ்சினால் தட்டுக் கூட, ஆள் மிஞ்சினால் ஆள் கூட. எண்ணத் தெரியாத நாலு வயதுப் பிள்ளையும் இதைச் சொல்லிவிடும். அடுத்தது விதைக் கிழங்கு. பெரிய கிழங்கு 5, சின்னக் கிழங்கு 8. எது கூட என்று கேட்டால் பல பிள்ளைகள் பெரிய கிழங்கைத்தான் காட்டும். பருமனும் எண்ணிக்கையும் வேறு வேறு என்பது தானாக வருவதல்ல. சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு வரிசையில் சம அளவாக வில்லைகளை வைத்தார். பிறகு ஒரு வரிசையை மட்டும் அகலமாக்கிக் கேட்டபோது, சிறு பிள்ளைகள் நீண்ட வரிசையில்தான் கூட இருக்கிறது என்றார்கள். இதை நாங்கள் அவரைக் கரட் கொட்டையில் செய்து பார்த்தோம். அதே பதில்தான் வந்தது. அப்போது பிள்ளையைத் திருத்த அவசரப்படாதீர்கள். கொட்டைக்குக் கொட்டை எதிரே வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். ஒரு வாரத்தில் அதுவே சிரித்துக்கொண்டு சொல்லும்.

இனி 98க்கும் 102க்கும் வருவோம். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஈர்க்குச்சியை ஒடித்துப் பத்துப் பத்தாக வாழைநாரால் கட்டச் சொல்லுங்கள். பத்துக் கட்டுச் சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. 98 என்றால் ஒன்பது சிறு கட்டும் எட்டு உதிரிக் குச்சியும். 102 என்றால் ஒரு பெரிய கட்டும் இரண்டு உதிரியும். இரண்டையும் இரண்டு கையில் கொடுங்கள். பெரிய கட்டைப் பிரித்தால் உள்ளே பத்துச் சிறு கட்டு இருக்கிறது, அங்கே ஒன்பதுதான் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வரையில் பிரித்துப் பிரித்துக் கட்டட்டும். பலகையில் ஆயிரம் முறை எழுதினாலும் நடக்காதது குச்சியைக் கையில் பிடித்ததும் நடக்கும். பாடசாலையில் எண்சட்டம் இருந்தால் அதுவும் நல்லது. ஆனால் எண்சட்டத்தில் பத்தினிடத்து மணியும் ஒன்றினிடத்து மணியும் ஒரே பருமன். கட்டுக்கட்டிப் பழகிய பிள்ளைக்குத்தான் அந்த ஒரு மணி பத்தாகத் தெரியும்.

நமது தமிழ்ச் சொற்களும் இங்கே ஒரு பொறி வைத்திருக்கின்றன. ஆசிரியர்கள்கூட இதைக் கவனிப்பது அரிது. இருபது, முப்பது, நாற்பது என்று பத்துகள் எல்லாம் "பது" என்று முடிகின்றன. ஆனால் ஒற்றை எண்ணாகிய ஒன்பதும் "பது" என்றே முடிகிறது. தொண்ணூறு பத்துகளில் ஒன்று. அதன் வாலில் "நூறு" ஒட்டியிருக்கிறது. தொள்ளாயிரம் நூறுகளில் ஒன்று. அதன் வாலில் "ஆயிரம்" ஒட்டியிருக்கிறது. ஒன்பதின் குடும்பம் முழுதும் ஒரு படி மேலே உள்ளவர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறது! காதால் மட்டும் எண்ணைப் படித்த பிள்ளைக்குத் "தொள்ளாயிரம்" என்பது ஆயிரத்துக்கு மேலே ஏதோ பெரிய தொகையாகக் கேட்பதில் வியப்பில்லை. எங்கள் வகுப்பில் "தொள்ளாயிரமா, ஆயிரமா, எது கூட?" என்று வாயால் மட்டும் கேட்டபோது பாதிப் பேர் தொள்ளாயிரம் என்றார்கள். பின்னர் நூறு ரூபாத் தாளின் அளவில் வெட்டிய கடதாசித் துண்டுகளை ஒன்பது அடுக்கி, பத்தாவது எப்போது சேரும், சேர்ந்தால் என்ன பெயர் என்று கேட்டு நேராக்க வேண்டியிருந்தது. மற்றப்படி தமிழ் எண்ணுப் பெயர்கள் பிள்ளைக்கு உதவி செய்பவைதான். "இருபத்து மூன்று" என்று நாம் பெரிய இடத்தை முதலில் சொல்கிறோம். எழுதுவதும் அதே வரிசையில். ஒன்பதிடம் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்.

இதோடு ஒரு சிறு விடயம். நமது முன்னோர் எழுதிய பழந்தமிழ் எண்களில் பத்துக்கும் நூறுக்கும் தனித்தனிக் குறி உண்டு. 99 என்பதை ௯௰௯ என்று மூன்று குறிகளால் எழுத வேண்டும். 100க்கு ௱ என்ற ஒரே குறி போதும். நீளமாக எழுதப்பட்ட எண்தான் பெரியது என்ற விதி அந்த எழுத்தில் செல்லாது. பூச்சியத்தை வைத்து இடம் பிடித்து எழுதும் இன்றைய முறையில்தான் அது செல்லும். ஆகவே "இலக்கம் கூடினால் எண் பெரிது" என்பது பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு விளங்க வேண்டிய ஒன்றல்ல. பூச்சியம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகே அது விளங்கும். 205ஐயும் 250ஐயும் ஒன்றென்று சொல்லும் பிள்ளைக்கும் இதே மருந்துதான். இலக்கங்களின் எண்ணிக்கை சமமாக இருக்கும்போது இடப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். 289இல் உள்ள ஒன்பதைக் கண்டு மயங்கி அதை 321ஐ விடப் பெரிதென்று சொல்லும் பிள்ளை வலப்பக்கத்திலிருந்து பார்க்கிறது. "பெரிய கட்டை முதலில் பார்" என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

பெரிது, சிறிது என்பதற்குப் போடும் அடையாளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலை வாயைத் திறந்து பெரிய எண்ணைத்தான் கடிக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் முதலைக்குப் பல்லும் கண்ணும் வரைந்து மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சியை நாம் கெடுக்க வேண்டியதில்லை. ஆனால் கொப்பி முழுதும் முதலை வரைந்த பிள்ளையிடம், "சரி, இதை வாசி" என்றால் பேசாமல் நிற்கிறது. "98 ஐ விட 102 பெரிது", "102 ஐ விட 98 சிறிது" என்று இரண்டு பக்கமும் வாயால் சொல்ல வந்த பிறகு அடையாளம் வரட்டும். அதற்கும் முன்பாக "எவ்வளவு கூட?" என்ற கேள்வி வரட்டும். அந்தக் கேள்விக்குள் கழித்தல் தானாகவே உட்கார்ந்திருக்கிறது. கடன் வாங்கிக் கழிக்கும் வகுப்பில் நுழைந்து திணறிய நமது பிள்ளைக்கு வேண்டியிருந்த வாசல் இதுதான்.

வரிசையாக வைப்பதற்குத் தெமோதரைப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு பாடப்புத்தகம் கிடக்கிறது. அது ரயில் பாதை. எல்லயிலிருந்து வரும் ரயில் தெமோதரை நிலையத்தில் நின்று, மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, அதே நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைக்குப் போவதை நமது பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து பட்டிப்பொல ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரம்; எல்ல ஏறத்தாழ 1,040; பதுளை ஏறத்தாழ 650. பதுளையின் ஆறையும் எல்லயின் ஒன்றையும் பார்த்துப் பதுளைதான் உயரம் என்று சொல்லும் பிள்ளையிடம், "அப்படியென்றால் ரயில் எல்லயிலிருந்து பதுளைக்கு ஏறுகிறதா, இறங்குகிறதா?" என்று கேளுங்கள். அதன் கால்களுக்கே விடை தெரியும். பிறகு, தெமோதரை இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது, அதன் உயரம் என்னவாக இருக்கலாம் என்று கேளுங்கள். 700 என்று ஒன்று சொல்லும். 900 என்று இன்னொன்று சொல்லும். 1,200 என்று சொன்னால் மற்றப் பிள்ளைகளே விடமாட்டார்கள். சொல்லி முடித்ததும் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கே எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். ஏறுவரிசை, இறங்குவரிசை என்ற சொற்கள் இதைவிடப் பொருத்தமாக வேறெங்கும் கிடைக்கா.

ஒரு கூறை மட்டும் மறந்துவிடக் கூடாது. அளவு ஒன்றாக இருந்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். காணி இழந்த உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். 2015க்குப் பின் வந்த தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்று பேசப்பட்டது. ஒன்றையும் ஏழையும் பார்த்தால் ஏழு பெரிது. ஏக்கரையும் பேர்ச்சையும் சேர்த்துப் பார்த்தால் 160 எங்கே, 7 எங்கே! வீடு கட்டக் காணி வேறு, விளைவிக்கக் காணி வேறு என்ற நமது நெடுநாள் வாதத்தை ஏழு வயதுப் பிள்ளைக்கு விளங்கவைக்க இந்த இரண்டு எண்கள் போதும். முற்றத்தில் குச்சி நட்டுக் கயிறு கட்டிக் காட்டினால் இன்னும் நல்லது. பெரியவர்களுக்கும் பயன்படும்.

எல்லா எண்ணும் ஒப்பிடுவதற்கானது அல்ல என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். செக்ரோலில் 212ஆம் நம்பர்க்காரி 47ஆம் நம்பர்க்காரியை விட எதிலும் கூடியவள் அல்லள். லயத்துக் காம்பிராவின் நம்பரும் அப்படியே. வகுப்பில் முதலாம் பிள்ளை, முப்பதாம் பிள்ளை என்று பிள்ளைகளையே ஏறுவரிசையில் நிறுத்தும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை அதைச் சின்ன வயதிலேயே கொண்டுவந்து விடுகிறது. இடையில் ஒரு தவணை பாடசாலை இல்லாமல் போன பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்தி அளப்பது, றாத்தலையும் கிலோவையும் ஒரே தட்டில் போட்டு அளப்பது போலத்தான். இதைப்பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு விடுகிறோம்.

கடைசியாக, வீட்டில் செய்யக்கூடிய ஒன்று. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுங்கள். பக்கங்கள் நேராக உள்ளதாக இருக்க வேண்டும். மேல் பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாகப் போத்தலின் வாயிலேயே புனல் போல வைத்துவிடுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்குமாதலால் சிறு கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம் வரையில் தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போடுங்கள். அது பூச்சியம். பிள்ளையின் 15 சென்றிமீற்றர் அடிமட்டத்தை அதன் பூச்சியம் இந்தக் கோட்டில் நிற்குமாறு வெளிப்பக்கத்தில் ஒட்டுங்கள். கூரைத் தண்ணீரோ மரத்துச் சொட்டோ விழாத வெளியில், சாயாமல் நட்டுவையுங்கள். அடிமட்டத்தில் உள்ள சின்னக் கோடு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர். 75க்கு ஒரு நிறம், 100க்கு ஒரு நிறம் பூசலாம். 150க்கு நிறம் தேவையில்லை. அடிமட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது. தினமும் காலை ஒரே நேரத்தில் பிள்ளையே பார்த்துக் கலண்டரில் எழுதட்டும். எழுதிய பின் தண்ணீரைப் பூச்சியக் கோடு வரையில் குறைத்துவிடட்டும். விடாத மழை நாட்களில் இடையிடையேயும் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஏழு எண்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதட்டும். இது பழக்கத்துக்கான போத்தல். அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் போத்தலில் 60 இருந்தாலும் வெளியேற வேண்டும். நிலத்தில் வெடிப்புக் கண்டாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ போத்தலைப் பார்க்கப் போகவும் வேண்டாம்.

98 என்று சொன்ன அந்தப் பிள்ளை இப்போது தங்கியிருக்கும் லயத்து வாசலிலும் ஒரு போத்தல் நிற்கிறது. முதல் வாரத்தில் அவள் எழுதியவை 0, 0, 4, 11, 9, 0, 2. பூச்சியம் மூன்று முறை வந்ததை எப்படி வரிசைப்படுத்துவது என்று கேட்டுக்கொண்டு வந்தாள். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் தொடங்கிய மழை பொழுது சாயும் வரையில் விடவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவள் இரண்டு முறை வெளியே போய்ப் பார்த்து வந்தாள். இரண்டாம் முறை அடுப்படிக்கு ஓடி வந்து, "அப்பாயி, 86! 75ஐத் தாண்டிருச்சு, 100க்கு இன்னும் 14 இருக்கு. பைய எடுத்து வைக்கவா?" என்றாள். அப்பாயி கொடியில் கிடந்த கம்பளியை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.